புயல் ஓய்ந்த மறுநாள் கடற்பறவை பார்க்க: காசிமேடு முதல் எண்ணூர் வரை

ஐப்பசி பிறந்து, வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி என்று சேதி வந்தாலே நம் வீடுகளில் வேலை தொடங்கிவிடும். மெழுகுவத்தி வாங்குவோம், பால் பாக்கெட் கூடுதலாகச் சொல்லிவைப்போம், கரன்ட் போவதற்குள் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவோம். எனக்கு இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. பைனாகுலரைத் துடைத்து, உலர்ந்த துணியில் சுற்றி எடுத்துவைப்பேன். புயல் ஓய்ந்த மறுநாள் வடசென்னையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள கரையில், மற்ற நாளில் படகேறிப் போனால்தான் பார்க்க முடிகிற பறவைகள் சில சமயம் அலைக்குப் பக்கத்திலேயே பறக்கும். அவற்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக, குறிப்பாக இதுவரை பறவை பார்த்துப் பழக்கமே இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நடப்பது இதுதான். குளிர்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து வரும் கடற்காகங்களும் ஆலாக்களும் இந்த மாதங்களில் நம் கரையோரமாகத் தெற்கே போய்க்கொண்டிருக்கும். கடற்காகம் என்றால் காக்கை இல்லை, ஆங்கிலத்தில் gull என்கிற கடற்பறவை. ஆலா (tern) என்றால் கடற்காகத்தைவிட ஒல்லியான, கூரான இறக்கையும் பெரும்பாலும் பிளந்த வாலும் உள்ள பறவை. இவற்றில் பெரும்பாலானவை கரையை ஒட்டி வாழ்பவை. இவற்றைத் தவிர, கூடு கட்டும் காலம் போக மற்ற நாளெல்லாம் நடுக்கடலிலேயே இருக்கும் பறவைகளும் உண்டு. புயல் காற்று நாள் முழுக்க ஒரே பக்கமாகத் தள்ளும்போது அவற்றால் எதிர்த்துப் பறக்கவும் முடியாது, கொந்தளிக்கும் கடலில் இரை பிடிக்கவும் முடியாது. காற்று அவற்றைக் கரைப்பக்கம் கொண்டுவந்து தள்ளிவிடும்.

புயலுக்கு முன்பே தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்களில் பலர் புயல் அடித்த பிறகுதான் முதல்முறையாகக் கடலைப் பார்க்கப் போகிறார்கள். அன்றைக்குக் கண்ணில் படும் எல்லாமே புதுப் பறவை என்றால், அதில் எது அபூர்வம் என்று எப்படித் தெரியும்? பழகிய பறவைதான் அளவுகோல். அதனால் முதல் படி, நல்ல வெயில் அடிக்கிற ஒரு சாதாரண நாளில் காசிமேடு போவது.

அங்கே நீங்கள் படிக்க வேண்டிய பறவை ஒன்றே ஒன்று: பழுப்புத்தலைக் கடற்காகம். லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் நம் கரைக்கு வரத் தொடங்கும். லாஞ்சுகள் கழிவு மீனைக் கொட்டும் இடத்தில் கரும்பருந்துகளோடு சேர்ந்து இரைச்சல் போட்டுக்கொண்டிருக்கும். பெயரில் பழுப்புத்தலை இருக்கிறதே தவிர, குளிர்காலத்தில் தலை வெள்ளையாகிவிடும். மை தொட்ட விரலை வைத்து எடுத்தாற்போலக் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறை மட்டும் மிஞ்சும்.

ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பாருங்கள். அலகு சிவப்பு, நுனி மட்டும் கருப்பு. வளர்ந்த பறவையின் கண் வெளிறியிருக்கும். அந்தக் கண்ணால்தான் முகத்தில் ஒரு கடுகடுப்பு தெரியும். இறக்கையை விரித்தால் நுனி கருப்பு, அந்தக் கருப்புக்குள் ஜன்னல் வைத்தது போல வெள்ளைத் திட்டு. இதே கூட்டத்தில் இதைவிடக் கொஞ்சம் சிறியதாக, கருவிழியோடு, இறக்கையின் முன் ஓரம் முழுக்க வெள்ளைப் பட்டையாக ஒன்று இருந்தால் அது கருந்தலைக் கடற்காகம். வாலின் முனையில் கருப்புக் கோடு இருந்தால் அது இளம் பறவை. இந்த அடையாளங்களெல்லாம் பக்கத்தில் இருக்கும்போதுதான் தெரியும். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் அலைமேல் போகும்போது நிறம் தெரியாது, அளவும் அசைவும்தான் தெரியும். ஆகவே அந்தக் கடற்காகம் இறக்கையை எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது, எதிர்காற்றில் எப்படித் தொங்குகிறது, திரும்பும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கண்ணுக்குள் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு கடலில் எது போனாலும் மனது தானாகக் கேட்கும்: அதைவிடப் பெரியதா, சிறியதா? அதைவிட வேகமாக இறக்கை அடிக்கிறதா, நிதானமாகவா?

இதற்கு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போதும். 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்) பைனாகுலர் ஒன்று இருந்தால் தொடக்கத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். தொலைநோக்கியும் முக்காலியும் வைத்திருக்கும் நண்பர் அமைந்தால் நல்லது, அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

புயல் எங்கே கரை கடக்கிறது?

எல்லாப் புயலும் பறவையைக் கொண்டுவராது. நம் பக்கத்துப் புயல்களில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது விளங்கிவிடும். புயலின் மையம் நமக்குத் தெற்கே கரை கடந்தால், சென்னையில் காற்று கிழக்கேயிருந்து, அதாவது கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். நமக்கு வேண்டியது இந்தக் கொண்டல் காற்றுதான். 2020 நவம்பரில் புதுச்சேரிப் பக்கம் கடந்த நிவர், 2022 டிசம்பரில் மாமல்லபுரத்தை ஒட்டிக் கடந்த மாண்டஸ், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கடந்த ஃபெஞ்சல் எல்லாம் இந்த வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வேறு வழியில் போனது. நம் கரையை ஒட்டியே வடக்கே நகர்ந்து ஆந்திராவின் பாபட்லா அருகே கரையேறியது. அப்படிப்பட்ட புயலில் நமக்கு வடக்கு, மேற்குப் பக்கத்துக் காற்றுதான் அதிகம் அடிக்கும். அது பறவையைக் கடலுக்குள் தள்ளுகிற காற்று.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா போல மையமே சென்னை மேல் வந்தால் கணக்கு மாறும். புயலின் கண்ணுக்குள் காற்று அடங்கியிருப்பதால் கடற்பறவைகள் அதற்குள் சிக்கி, புயலோடு சேர்ந்தே நிலத்துக்குள் வந்துவிடுவதுண்டு. அப்படி ஒரு புயலுக்குப் பிறகு கடற்கரையோடு நிறுத்தாமல் புழல், மாதவரம் ஏரிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

இந்திய வானிலைத் துறையின் அறிக்கையில் மையம் எங்கே, எந்தத் திசையில் நகர்கிறது என்ற இரண்டு வரியை மட்டும் தினமும் படியுங்கள். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 5 முதல் 10 வரை ஏற்றியிருந்தால் ஆபத்து. அந்த நேரத்தில் வீட்டில் இருங்கள். எந்தப் பறவைக்காகவும் புயல் அடிக்கும்போது கடற்கரைக்குப் போகக் கூடாது. கரை கடந்து, மழை தணிந்து, சாலையில் அறுந்து கிடக்கும் மின்கம்பிகளை எடுத்த பிறகு கிளம்பினாலும் பறவை இருக்கும். கடந்த பிறகு வரும் முதல் 24 மணி நேரம் சிறந்தது, இரண்டாவது நாளும் மோசமில்லை. காற்று திரும்பிவிட்டால் தெம்புள்ள பறவைகள் நடுக்கடலுக்குப் போய்விடும். காற்று அடங்கினாலும் கடல் உடனே அடங்காது. பேரலை எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காயிஸ் (INCOIS) தனியாக வெளியிடுகிறது, அதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

எந்த நேரம், எந்த இடம்

கடற்பறவை பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதில் விடியற்காலையே சிறந்தது என்று இருக்கும். நமக்கு அது முழுதாகப் பொருந்தாது. நம் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலிலிருந்தே எழுந்து நேராக முகத்தில் அடிக்கும். எதிர் வெளிச்சத்தில் எல்லாப் பறவையும் கருப்பு நிழலாகத்தான் தெரியும். வானம் மூடியிருந்தால் காலை முழுக்கப் பார்க்கலாம். வெயில் வந்துவிட்டால், வெளிச்சம் வந்து சூரியன் மேலே ஏறுவதற்குள் கிடைக்கும் அரை மணி நேரம், அப்புறம் மாலை மூன்று மணிக்கு மேல். மாலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அப்போது ஆலாவின் அலகு நிறம்கூடத் தெளிவாகத் தெரியும்.

இடத்தைப் பொறுத்தவரை உயரம் முக்கியம். மணலில் நிற்கிறவருக்கு அடிவானம் சுமார் நாலரை கிலோமீட்டர் தூரம். பத்து மீட்டர் உயரத்தில், அதாவது மூன்று மாடி உயர மொட்டைமாடியில் நின்றால் அது பதினோரு கிலோமீட்டராகிவிடும். தூரத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. மணலில் நின்றால் அலைக்கும் அலைக்கும் நடுவே தாழ்வாகப் போகும் பறவை மறைந்து மறைந்து தெரியும், மாடியில் நின்றால் அந்தப் பள்ளங்களுக்குள்ளேயே பார்க்கலாம். திருவொற்றியூரில் கடலைப் பார்த்த வீடு உள்ள சொந்தக்காரர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் நின்றால் காற்றும் சாரலும் முகத்தில் அடிக்காது.

மாடி கிடைக்காதவர்களுக்குத் திருவொற்றியூரில் பட்டினத்தார் கோயில் பக்கம் எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரம் இருக்கிறது. மெட்ரோவில் வந்து இறங்கி நடந்தே போய்விடலாம். அங்கிருந்து வடக்கே கடலுக்குள் வரிசையாகக் கல் கொட்டி நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளுக்கு இடைப்பட்ட தண்ணீர், காற்று நாளில் ஆலாக்கள் ஒதுங்குகிற இடம். தயவுசெய்து உயரத்துக்காக அந்தக் கற்களின் மேல் ஏறாதீர்கள். பாசி பிடித்து வழுக்கும். புயலுக்குப் பின் கல்லே இடம் மாறி ஆடிக்கொண்டிருக்கும். பத்து அலை சும்மா வந்துவிட்டுப் பதினோராவது அலை மேலேறி அடிக்கும்.

எனக்குப் பிடித்த இடம் எண்ணூர் முகத்துவாரம். கத்திவாக்கம் அல்லது எண்ணூர் ரயில் நிலையத்தில் இறங்கி, தாழங்குப்பம் பக்கம் வர வேண்டும். பெருமழையில் பூண்டி ஏரி திறந்தால் அந்தத் தண்ணீர் கொசஸ்தலை ஆறு வழியாக இங்கேதான் கடலில் சேரும். செம்மண் நிறத்தில் வரும் ஆற்றுத் தண்ணீரும் பச்சைக் கடல் தண்ணீரும் சேருமிடத்தில், கயிறு போட்டது போல ஒரு கோடு தெரியும். நுரை, ஆகாயத்தாமரை, குச்சி, சின்ன மீன் எல்லாம் அந்தக் கோட்டில்தான் சேரும். ஆலாக்கள் அந்தக் கோட்டை விட்டு நகராது. நீங்களும் கண்ணை அங்கேயே வையுங்கள். எதிர்க்கரையில் துறைமுகம், அனல் மின் நிலையம் எல்லாம் இருப்பதால் அந்தப் பக்கம் கேமரா திருப்புவதில் கவனம் வேண்டும். காவலில் இருப்பவர் கேட்டால் பறவைப் படத்தைக் காட்டிச் சொன்னால் போதும்.

இன்னொன்று. புயலுக்கு மறுநாள் குப்பத்தில் படகு உடைந்திருக்கும், வலை அறுந்திருக்கும். அந்த இடத்தில் கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவர் போல நிற்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து படகு தள்ளிக்கொண்டிருந்தால் போய்க் கை கொடுங்கள்.

கடலை எப்படிப் பார்ப்பது

வெறுங்கண்ணால் கடலைப் பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும். பைனாகுலரை எடுத்து, அடிவானக் கோடு வட்டத்தின் நடுவில் வரும்படி வையுங்கள். இடது ஓரத்திலிருந்து தொடங்கி, மிக மெதுவாக வலது பக்கம் நகர்த்துங்கள். ஒரு முறை கடந்து முடிக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அடிவானத்தை வட்டத்தின் மேல் விளிம்புக்கு ஏற்றி, பக்கத்துத் தண்ணீரைப் பாருங்கள். பதினைந்து நிமிடம் பார்த்தால் ஐந்து நிமிடம் கண்ணுக்கு ஓய்வு.

கடலைப் பார்த்து நின்றால் நமக்கு இடது கை வடக்கு, வலது கை தெற்கு. வலசை போகும் பறவை இந்த மாதங்களில் இடமிருந்து வலமாகப் போகும். ஒரு ஆலா அப்படிப் போனால் வழிப்போக்கன். அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தால் இரை தேடுகிறது. எல்லாம் வலப்பக்கம் போகும்போது ஒன்று மட்டும் எதிர்த்து இடப்பக்கம் வந்தால் அதைக் கொஞ்சம் கூடுதலாகப் பாருங்கள்.

கூட வந்தவருக்குப் பறவையைக் காட்டுவதுதான் கஷ்டம். "அதோ, அதோ" என்று கை நீட்டிப் பயனில்லை. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள்தான் நமக்கு அடையாளம். "சிவப்புக் கப்பலுக்கு வலப்பக்கம் இரண்டு கப்பல் நீளம், அடிவானத்துக்குக் கொஞ்சம் கீழே, வலமாகப் போகிறது" என்று சொன்னால் எவரும் பிடித்துவிடுவார்.

கண்ணாடியில் உப்புச் சாரல் படிந்தால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்துவிட்டு அப்புறம் துடையுங்கள்.

என்னென்ன வரலாம்

அதிகம் பார்க்கப் போவது ஆலாக்களைத்தான். மீசை ஆலா சின்னது, சாம்பல் நிறம். தண்ணீருக்குள் பாயாமல் மேலாகக் குனிந்து கொத்திக்கொண்டு போகும். கொண்டை ஆலாக்கள் பெரியவை, உயரத்திலிருந்து தலைகீழாக விழுந்து மீன் பிடிக்கும். பெரிய கொண்டை ஆலாவின் அலகு மஞ்சள், சிறிய கொண்டை ஆலாவின் அலகு ஆரஞ்சு. கடற்காகத்தின் அளவுக்கு மேலேயே, கேரட் போன்ற தடித்த சிவப்பு அலகோடு ஒரு ஆலா வந்தால் அது காஸ்பியன் ஆலா. புயலுக்குப் பின் இவை இருநூறு முந்நூறாக மணல் திட்டில் காற்றை நோக்கி முகம் வைத்து உட்கார்ந்திருக்கும். அபூர்வம் எதுவும் வராவிட்டாலும் அந்தக் காட்சி ஒன்றுக்காகவே போகலாம்.

நடுக்கடல் விருந்தாளிகளை உருவத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இறக்கையை அடிக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து அலையை உரசி, பிறகு மறுபக்கம் சாய்ந்து மேலேறி வந்தால் அது ஷியர்வாட்டர். காசிமேட்டுக் கடற்காகம் அப்படிப் பறக்காது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கரும்பழுப்பாக, இறக்கை நுனிப்பக்கம் வெள்ளைக் கீற்றோடு, ஆலாவை விடாமல் துரத்தி வாயிலிருக்கும் மீனைக் கக்க வைத்துப் பிடுங்கினால் ஸ்குவா. ஆலாக் கூட்டம் திடீரென்று கலைந்து சிதறினால் நடுவில் ஸ்குவா இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஃபிரிகேட் பறவை விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கருப்பு, பிளந்த வால், உயரத்தில் வட்டமிடும். நம் கரும்பருந்தும் அப்படித்தான். பருந்து நொடிக்கொரு தரம் வாலைத் திருகித் திருகிப் பறக்கும், அதன் இறக்கை அகலம், நுனியில் விரல் விரித்தது போல இருக்கும். ஃபிரிகேட் பறவையின் இறக்கை குறுகி, நடுவில் மடங்கி, நுனி கத்தி போலக் கூராக முடியும். வாலின் பிளவும் மிக ஆழம். அதன் இறகு தண்ணீரில் ஊறிவிடும் என்பதால் கடலில் இறங்கி உட்காரவே உட்காராது.

மணலில் உட்கார்ந்திருக்கும் பறவை

ஒரு கார்த்திகை மாதம் திருவொற்றியூர்க் குப்பத்தில் வலைக் குவியல் பக்கம் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கூப்பிட்டார். "தம்பி, நீ அங்க பாத்துனுகீற. இது காலைலேந்து இங்கயே குந்திக்கினு கீது. பூன தூக்கினு பூடும், எடுத்துக்கினு போ." நீல வலைமேல் ஒரு கருப்பு ஆலா. என் செருப்புக்கு மூன்று அடி தூரத்தில். முதுகு கரும்பழுப்பு, வயிறு வெள்ளை. நெற்றி வெள்ளை கண்ணோடு நிற்காமல் புருவம் போல மெல்லியதாகப் பின்னால் ஓடியிருந்தது. கடிவாள ஆலா என்று சொல்லலாம், ஆங்கிலப் பெயரின் பொருளும் அதுதான். இதற்கு நெருங்கிய உறவான கரிய ஆலாவுக்கு அந்த வெள்ளை கண்ணோடு நின்றுவிடும், முதுகும் நல்ல கருப்பு. குனிந்தேன். அது பறக்கவில்லை, அலகை மட்டும் திறந்து மூடியது. மூச்சுக்கு மூச்சு இறகு ஏறி இறங்கியது.

அப்படி ஒரு பறவையைப் பார்த்தால் செய்ய வேண்டியது: முதலில் தள்ளி நில்லுங்கள். நாய், பூனை, காக்கை தொல்லை இல்லையென்றால் ஓய்வெடுத்துத் தானே போய்விடும். தொல்லை இருந்தால் துண்டை மேலே போர்த்தி, இறக்கையோடு சேர்த்து மென்மையாக எடுத்து, காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மீனைத் திணிக்காதீர்கள். பரிதாபப்பட்டுக் கடலில் தூக்கி எறிவது கொல்வதற்குச் சமம். வனத்துறைக்கோ ப்ளூ கிராஸுக்கோ சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பெரிய பறவையென்றால் முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், கண்ணைக் குறிவைத்துக் கொத்தும். செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொட வேண்டாம்.

மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கருத்து உட்கார்ந்திருந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய் பட்ட பறவையை நாமே சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. பயத்திலும் குளிரிலும் அது செத்துப்போகும். பெட்டியில் வைத்து உடனே ஒப்படைப்பதுதான் வழி.

எழுதிவையுங்கள்

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்றின் திசை, பறவையின் எண்ணிக்கை, போன திசை. அடையாளம் தெரியாத பறவையை "பெரிய கருப்பு ஆலா, 1, வலமாக" என்று பார்த்தபடியே எழுதுங்கள், பெயரை ஊகித்து எழுத வேண்டாம். இரண்டு மணி நேரம் நின்று ஒன்றும் வரவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். பட்டியலை, பறவைக் கணக்கைப் பதிவு செய்யும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் உங்கள் இரண்டு மணி நேரம் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் உதவும். 1978லிருந்து இயங்கிவரும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியில் சேர்ந்தால் அனுபவசாலிகளோடு நின்று பார்க்கலாம். காலில் வளையமோ சின்னக் கொடியோ மாட்டிய பறவை தென்பட்டால் அதிலுள்ள எண்ணையோ கொடியின் நிறத்தையோ படம் எடுத்து, மும்பையில் உள்ள பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள்.

மூன்றாம் நாள், நாலாம் நாள் ஃபைபர் படகுகள் மறுபடி கடலுக்குப் போகும். அவை திரும்பும் நேரத்துக்குக் கரையில் இருங்கள். நாம் பார்க்க முடியாத தூரத்துக்குப் போய்வந்தவர்கள் அவர்கள். "அண்ணே, வெளியில ஆலா இருந்துச்சா? கருப்பா எதுவும் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். செல்போனில் இருக்கும் பறவைப் படத்தை முதலிலேயே காட்டிவிடாதீர்கள். காட்டினால், நம் மனம் நோகக் கூடாது என்று ஆமாம் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு பெரிது, எப்படிப் பறந்தது, தண்ணீரில் உட்கார்ந்ததா என்று அவர்கள் வாயாலேயே சொல்லவிட்டு, எழுதிக்கொண்டு, அதற்கப்புறம் படத்தைக் காட்டுங்கள்.